கலக்கினால் கலையாதா? கொந்தளிப்பும் சூரியனின் காந்தப்புலமும்

கேள்வி, 27 டிசம்பர் 2024

பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் போயும் பத்திரமாக இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டுக் கலக்கினால் மை பரவிக் காணாமல் போகும். சூரியனின் மேல்பகுதி கொதிக்கிற கஞ்சிப் பானை மாதிரி என்கிறார்கள். அப்படியானால் காந்தப்புலமும் மை மாதிரி கலைந்திருக்க வேண்டுமே? 11 ஆண்டுக்கு ஒருமுறை துருவம் மாறுகிற அளவுக்கு ஒழுங்கு எப்படி மிஞ்சுகிறது? கொந்தளிப்பு என்றாலே கலைப்பதுதானே?

28 டிசம்பர் 2024, இரவு

மை கலையும். காந்தப்புலம் மை இல்லை, தம்பி.

மைக்கு ஒரே கணக்குதான்: எந்த இடத்தில் எவ்வளவு. இழுத்தால் நீளும், வெளிறும். காந்தப்புலத்துக்குத் திசை உண்டு, ரப்பர் மாதிரி இழுவிசையும் உண்டு. சூரியனில் இருக்கும் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயு, மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் புலக்கோடுகள் அதோடு ஒட்டிக்கொண்டே நகரும். 1940களில் ஸ்வீடன் இயற்பியலாளர் ஆல்வென் சொன்ன விஷயம் இது. 1970-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இப்போது ஒரு காந்தக் குழாயை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும், உள்ளே போகிற கோடுகள் அதே எண்ணிக்கைதான். எனவே புலம் இரண்டு மடங்காகும். மையை இழுத்தால் வெளிறும், காந்தப்புலத்தை இழுத்தால் வலுக்கும்.

கொந்தளிப்பின் முதல் வேலையே இழுப்பதுதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துளிகள் கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என்று போய்விடும். நடுவில் இருக்கிற கோடு என்ன ஆகும்? நீளும்.

இருபது வருடமாக ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்ட் பெஞ்சில் நிற்கிறவன் நான். சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு தாறுமாறாக விழுந்தாலும், உறிஞ்சு குழாய்க்கு மேலே தானாக ஒரு சுழி உருவாகிக் காற்றை இழுக்கும். குறுக்கே தகடு வைத்துத்தான் அதை உடைக்கிறோம். கொந்தளிப்பு கலைக்க மட்டுமே செய்யும் என்றால் அந்தத் தகட்டுக்கு அவசியமே இல்லை.

29 டிசம்பர் 2024

கேட்டது தங்கச்சியாம். "தம்பி" வாபஸ்.

2 ஜனவரி 2025

வாயை விட்டதற்குத் தண்டனை. இழுத்தால் புலம் வலுக்கும் என்று வீட்டு லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். 256க்கு 256 கட்டம், தட்டையான இரு பரிமாணப் பெட்டி, அதில் சுழல்கள் மாறி மாறிக் கலக்குகின்றன. தொடக்கத்தில் மெல்லிய ஒரு காந்தப்புலம். (கோடு எழுதி அதில் கோடு வரைவதைப் பற்றி யாரும் ஜோக் அடிக்க வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது.)

புலம் ஏறியது. ஜோராக ஏறியது. பத்து மடங்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து நிற்கிற நேரத்தில் வளைவு குப்புற விழுந்து, டீ ஆறுவதற்குள் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கீழே போய்விட்டது. நேரப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினேன். அதே கதை.

நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை நிரலில் இல்லை, என்னிடம்தான். தட்டையான கலக்கலால் காந்தப்புலத்தை நிலையாக வளர்க்க முடியாது என்று சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் 1957-லேயே நிரூபித்துவிட்டார். இழுத்த கோடு தட்டைத் தாளுக்குள்ளேயே மடங்குவதால், எதிரெதிர்த் திசையில் போகும் மடிப்புகள் பக்கத்தில் வந்து ஒட்டும். இடைவெளி சுருங்கச் சுருங்க, இருக்கிற கொஞ்ச மின்தடையே போதும், ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஆக டிசம்பர் 28-இல் நான் எழுதியது பாதி உண்மை. இழுப்பது மட்டும் போதாது. இந்த ஒரு படத்தில் மை உதாரணம்தான் ஜெயித்தது, தங்கச்சி.

4 ஜனவரி 2025

மூன்றாவது பரிமாணம் எதற்கு என்று கேட்டவருக்கு: ஒரு ரப்பர் பேண்டை எடுங்கள். இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். நடுவில் முறுக்கி எட்டு வடிவமாக்குங்கள். ஒரு பாதியை இன்னொன்றின் மேல் மடித்துப் போடுங்கள். இப்போது பழைய அளவிலேயே இரட்டை வளையம், இரண்டும் ஒரே திசையில் ஓடும். முறுக்காமல் மடித்தால் எதிரெதிர். அந்த முறுக்குக்குத் தாளைவிட்டு மேலே எழும்ப வேண்டும், தட்டையில் அதற்கு இடமில்லை. இழு, முறுக்கு, மடி. 1972-இல் வைன்ஷ்டைனும் செல்டோவிச்சும் சொன்ன வழி இது. பத்துத் தடவை செய்தால் 1024 மடங்கு. தட்டையில் முடியாது என்றவரே வழியையும் காட்டிவிட்டார்.

அசல் கொந்தளிப்பு இப்படி ஒழுங்காக ரப்பர் பேண்டை மடிப்பதில்லை. அது பரோட்டா மாஸ்டர். மாவை வீசி, விசிறி மாதிரி கொசுவி, சுருட்டி வைப்பார். காந்தப்புலமும் அப்படித்தான் நீளநீளமான, மெல்லிய மடிப்புகளாக அடுக்கி நிற்கும். மடிப்பின் நீளம் பெரிய சுழல் அளவுக்கு, கனம் மின்தடை அனுமதிக்கிற அளவுக்கு. அடுத்தடுத்த மடிப்பில் திசை நேர் எதிர். பரோட்டாவில் அடுக்குக்கு நடுவே எண்ணெய் இருக்கிற இடத்தில் இங்கே மின்னோட்டத் தகடு, அதாவது தாள் மாதிரி மெல்லிசாகப் பரவிய மின்னோட்டம், ஓடுகிறது.

64 கட்டம் நீள, அகல, உயரத்தில் ராத்திரி முழுக்க ஓட்டினேன். முதலில் அணைந்தது. மின்தடையைக் குறைத்தேன், மறுபடி அணைந்தது. இன்னும் குறைத்ததும் பற்றிக்கொண்டது, காலை ஆறு மணிக்கு வளைவு மேலே நின்றது. ஈர விறகு மாதிரி, ஒரு எல்லை தாண்டினால்தான் பிடிக்கும்.

அமெரிக்காவின் ரோசெஸ்டரில் ஒமேகா என்ற பெரிய லேசரை வைத்து இதை அசல் பிளாஸ்மாவிலேயே செய்துவிட்டார்கள், 2018-இல் வெளியானது. எதிரெதிரே இரண்டு தகடுகளை லேசரால் அடித்து, கிளம்பும் பிளாஸ்மாவைச் சல்லடை வழியாகச் செலுத்தி மோத விட்டார்கள். சல்லடைதான் கொந்தளிப்பைக் கிளப்பியது. புலம் லட்சம் காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) அளவுக்கு ஏறியது. பூமியின் காந்தப்புலம் அரைக் காஸ்தான்.

5 ஜனவரி 2025

ஒரு பரோட்டாக் கடைக்காரர் கீழே எழுதியிருக்கிறார்: "கொசுவும்போது மாவு திசை மாறாது சார், நீங்கதான் மாறிட்டீங்க." ஏற்கிறேன்.

11 ஜனவரி 2025

இதுவரை எழுதியதெல்லாம் கேள்விக்கு நேரான பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். மடிப்புமடிப்பாக, திசை தெரியாமல் கிடக்கும் புலம் ஒன்று. 11 ஆண்டுக் கடிகாரம் வேறொன்று. முதலாவதைப் பெறுவது சுலபம். இரண்டாவதுதான் கேள்வி.

கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்குப் பள்ளிக் காலத்தில் போயிருக்கிறேன். குளிரும் பேருந்தில் வாந்தியும்தான் நினைவு. இப்போது அங்கே எடுத்த பழைய சூரியப் படங்களைத் திரையில் பார்க்கும்போதுதான் என்னத்தைத் தவறவிட்டேன் என்று தெரிகிறது. நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கால்சியம் ஒளியில் எடுத்த படங்களைப் பாருங்கள். சூரிய முகம் முழுக்க மீன் வலை போட்ட மாதிரி வெளிச்சக் கோடுகள். ஒவ்வொரு கண்ணியும் சுமார் 30,000 கிலோமீட்டர். அடியிலிருந்து எழும் பொருள் பக்கவாட்டில் பரவி ஓரத்தில் இறங்குகிறது. வழியில் அகப்பட்ட காந்தப்புலத்தைக் குப்பை பெருக்குவது போல ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. சுழல் தன் நடுவிலிருந்து புலத்தை விரட்டும் என்று 1966-இல் வைஸ் கணக்கிட்டுக் காட்டினார். நான் தோற்ற அந்தத் தட்டைச் சிமுலேஷனில்கூட, விழுவதற்கு முன்னால் புலம் சுழல்களின் ஓரத்தில்தான் குவிந்திருந்தது. அப்போது கவனிக்கவில்லை.

(கரும்புள்ளியைச் சுற்றிப் பொருள் வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இதே கொடைக்கானலில்தான். அதற்கு முந்தைய ஆண்டுதான் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை ஹேல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்.)

ஒழுங்கைக் காட்டுவது கரும்புள்ளிகள். பெரும்பாலும் ஜோடியாக வரும். வட அரைக்கோளத்தில் முன்னால் போகிற புள்ளி வடமுனை என்றால், தெற்கில் முன்னால் போவது தென்முனை. அடுத்த 11 ஆண்டில் இரண்டும் மாறிவிடும். அதோடு ஜோடி நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து, முன்புள்ளி நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும்.

அந்தச் சாய்வில்தான் விஷயம் இருக்கிறது. சூரியனின் நடுப்பகுதி 25 நாளில் சுற்றுகிறது, துருவப் பக்கம் 35 நாள் வரை ஆகிறது. இந்த வேக வித்தியாசம் வடக்கு தெற்காக இருக்கும் கோடுகளைக் கிழக்கு மேற்காக இழுத்துச் சுற்றிவிடும். சுற்றியதை மறுபடி வடக்கு தெற்காக யார் திருப்புவது? திருப்பாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். விண்கலத்துக்குப் பெயர் தந்த அந்தப் பார்க்கர் 1955-இல் சொன்ன பதில்: மேலெழும் ஒவ்வொரு குமிழும் சூரியச் சுழற்சியால் புயல் மாதிரி திருகிக்கொண்டு வரும், வரும்போது கோட்டையும் கொஞ்சம் திருகித் தூக்கும். தனித்தனியாகப் பார்த்தால் தாறுமாறு. ஆனால் வடக்கில் எல்லாத் திருகும் ஒரு கைப்பக்கம், தெற்கில் மறு கைப்பக்கம். ஒவ்வொரு பாதியிலும் தனியாகக் கூட்டினால் பூஜ்யம் வராது.

1966-இல் கிழக்கு ஜெர்மனியில் ஷ்டீன்பெக், கிராவுஸே, ரேட்லர் மூவரும் இதை முறையான கணிதமாக்கினார்கள். கலக்கல் மட்டும் இருந்தால் போதாது, கலக்கலுக்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும்.

13 ஜனவரி 2025

ஒருவர் சரியாகப் பிடித்தார்: என் நிரலில் காந்தப்புலம் பொருளைத் திருப்பித் தள்ளுவதே இல்லை. சும்மா அடிவாங்கிக்கொண்டிருக்கிறது. உண்மைதான். இன்று அந்த விசையைச் சேர்த்துவிட்டேன். பழைய தட்டைப் பெட்டிதான், முதலில் கலக்கி, பிறகு கலக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே விட்டால் எப்படி அணைகிறது என்று பார்க்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். ஓடிக்கொண்டிருக்கட்டும்.

19 ஜனவரி 2025

கரும்பு தின்று வாய் புண். இரண்டாம் யோசனை ஒன்று உறுத்துகிறது.

11-ஆம் தேதி எழுதியது ரொம்பச் சுலபமாக முடிந்துவிட்டது. திருகிக்கொண்டே போனால் அந்தத் திருகல் எங்கே போகும்? இதற்கு நான் கணக்கை விட வேட்டியைத்தான் நம்புகிறேன். ஊரில் கிணற்றடியில் நின்று ஈர வேட்டியைப் பிழிந்தபோது பார்த்தேன். ஒரு முனையை அப்பா பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் முறுக்க, ஒரு கட்டத்தில் வேட்டியே நடுவில் பெரிதாக ஒரு வளையம் போட்டுக்கொண்டு எழுந்தது. சின்ன முறுக்கு பெரிய சுருளாகிறது. முறுக்கு மறையவில்லை, அளவு மாறிவிட்டது.

பிளாஸ்மாவிலும் இதுதான். கொந்தளிப்பு ஆற்றலைச் சின்னச் சின்ன அளவுகளுக்கு இறக்கி வெப்பமாக்கிவிடும். ஆனால் கோடுகளின் மொத்த முறுக்கை, பின்னலை, அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது. ஆற்றல் கீழே போகிறது, முறுக்கு மேலே பெரிய அளவுக்கு ஏறுகிறது. கலைப்பதும் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கிற ஒரே வேலை.

இதற்குப் பூமியிலேயே சாட்சி உண்டு. இங்கிலாந்தில் ஹார்வெல்லில் ஸீட்டா என்று உளுந்து வடை வடிவத்தில் ஒரு பெரிய எந்திரம். அணுக்கரு இணைவு வந்துவிட்டதாக 1958 ஜனவரியில் அறிவித்து, மே மாதம் வாபஸ் வாங்கிய மானக்கேடு அதற்கு உண்டு. ஆனால் அதில் ஒரு விந்தை நடந்தது. முதலில் பிளாஸ்மா தாறுமாறாகக் கொந்தளிக்கும், பிறகு தானாக அமைதியாகும். அமைதியான வேளையில் அளந்தால், வடையின் ஓரத்தில் காந்தப்புலம் திசை திரும்பியிருக்கும். யாரும் திருப்பவில்லை. 1974-இல் டெய்லர் விளக்கினார்: மொத்த முறுக்கு மாறாமல் ஆற்றலை மட்டும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தால், மிஞ்சுகிற ஒரே வடிவம் அதுதான்.

20 ஜனவரி 2025

நேற்றைய குறிப்பில் திருத்தம். சூரியன் புதிதாக முறுக்கை "உண்டாக்குவதில்லை". பெரிய அளவில் ஒரு கைப்பக்கம் முறுக்கினால், சின்ன அளவில் எதிர்க் கைப்பக்கம் அதே அளவு முறுக்கு சேரும். வேட்டியிலும், வளையம் ஒரு பக்கம் திரும்பினால் துணி மறுபக்கம் அவிழப் பார்க்கும். அந்தச் சின்ன முறுக்கு தேங்கினால் டைனமோவே, அதாவது ஓட்டம் காந்தப்புலத்தை வளர்க்கிற வேலையே, மூச்சுத் திணறும். 1992-இல் வைன்ஷ்டைனும் கட்டானியோவும் கிளப்பிய இந்தத் தகராறு பல ஆண்டு நடந்தது. ஒரு தரப்பின் பதில், சூரியன் அதை வெளியே துப்புகிறது: பெரும் வெடிப்புகளில் முறுக்கிய காந்தக் கயிறுகளை வீசி எறிகிறதே, அது இந்தக் கழிவுதான் என்கிறார்கள். எனக்குப் பிடித்த பதில். பிடித்திருக்கிறது என்பதற்காகச் சரி என்று சொல்லவில்லை.

2 பிப்ரவரி 2025

இது பிளாஸ்மா இல்லை, திரவ உலோகம். திட்டுகிறவர்கள் முன்கூட்டியே திட்டிக்கொள்ளலாம். பம்ப்காரன் இதை எழுதாமல் இருக்க முடியாது.

பிரான்சில் கடாரஷ் என்ற இடத்தில், ஒரு உருளையில் உருகிய சோடியம். இரண்டு முனையிலும் வளைந்த இறக்கை வைத்த தட்டு, எதிரெதிராகச் சுற்றுகிறது. உள்ளே வழி காட்டும் குழாய் எதுவும் கிடையாது, முழுக் கொந்தளிப்பு. 2006-இல் அதில் காந்தப்புலம் தானாகப் பிறந்தது. இரண்டு தட்டின் வேகத்தையும் கொஞ்சம் வித்தியாசப்படுத்தினால் அந்தப் புலம் அவ்வப்போது திசையே மாறியது. இதற்கு முன் 1999-இல் லாட்வியாவின் ரீகாவிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயிலும் பிறந்திருக்கிறது, ஆனால் அங்கே ஓட்டத்தைக் குழாய் போட்டுக் கட்டி அனுப்பினார்கள்.

உறுத்தல் ஒன்று: கடாரஷில் இறக்கைத் தட்டு மென் இரும்பாக இருந்தால்தான் புலம் பிறந்தது. எவர்சில்வர் போட்டபோது பிறக்கவில்லை. "அப்போ அது கொந்தளிப்பா, இரும்பா?" என்று கேட்கிறவர்களை நான் மறுக்க மாட்டேன். எங்கள் பெஞ்சிலும் இம்பெல்லர் மெட்டீரியலை மாற்றிவிட்டு "டிசைன் அதேதான்" என்று சொல்கிறவர்கள் உண்டு.

சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அந்த ஷாஃப்ட் சீலைப் போட்ட ஃபிட்டருக்கு என் வணக்கம்.

16 பிப்ரவரி 2025

திசை மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொந்தளிப்பையே அளவுகோலாக மாற்றியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வானியற்பியலாளர் சந்திரசேகர். 1953-இல் அவரும் இயற்பியலாளர் ஃபெர்மியும் சேர்ந்து எழுதிய கட்டுரை. விண்மீன் ஒளி தூசு வழியாக வரும்போது அதன் அதிர்வுத் திசை அங்குள்ள காந்தக் கோட்டின் திசையைக் காட்டிக்கொடுக்கும். கோடுகள் எவ்வளவு நெளிந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். கொடிக்கயிறு தளர்வாக இருந்தால் காற்றில் ஆடும், இறுகக் கட்டினால் ஆடாது. காற்றின் வேகமும் ஆட்டமும் தெரிந்தால் கயிறு எவ்வளவு இறுக்கம் என்று சொல்லலாம். நம் பால்வீதியின் கரங்களில் சுமார் 7 மைக்ரோகாஸ் (காஸில் பத்து லட்சத்தில் 7 பங்கு) என்று வந்தது. லெவரெட் டேவிஸும் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார்.

அதே சந்திரசேகர்தான் 1958-இல் ஆய்விதழ் ஆசிரியராக இருந்து, சூரியக் காற்று பற்றிய பார்க்கரின் கட்டுரையை, இரண்டு மதிப்பீட்டாளர்கள் நிராகரித்த பிறகும் வெளியிட்டார். கருத்து அவருக்கே பிடிக்கவில்லை, ஆனால் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பார்க்கரின் பெயரில் போன கலம் 2018 ஆகஸ்டில் கிளம்பியபோது அவர் நேரில் நின்று பார்த்தார், 91 வயது.

30 மார்ச் 2025

22-ஆம் தேதி பார்க்கர் கலம் மறுபடி சூரியனை உரசிவிட்டு வந்திருக்கிறது. அதனால் இது.

அந்தக் கலத்தின் காந்தமானியில் 2018 நவம்பரிலேயே வந்த ஆச்சரியம்: சூரியனைப் பார்த்து நிற்கும் புலம் திடீரென்று திரும்பி எதிர்ப்பக்கம் காட்டும், சில நொடியோ சில நிமிடமோ கழித்துப் பழையபடி வந்துவிடும். திரும்பும்போது வலிமை கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. நீளம் மாறாத குச்சியை மணிக்கட்டில் சுழற்றுகிற மாதிரி. கோடு அந்த இடத்தில் எஸ் மாதிரி மடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

யார் மடித்தது? ஒரு கட்சி, கீழே சூரியப் பரப்பில் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது அடித்த உதை என்கிறது. இந்த மடிப்புகள் கொத்துக்கொத்தாக வருவதும், கொத்தின் அகலம் நான் ஜனவரியில் சொன்ன அந்த மீன்வலைக் கண்ணிக்குப் பொருந்துவதும் அவர்கள் பலம். மறு கட்சி, காற்று விரிந்துகொண்டே வரும் வழியில் அலைகள் தானாகப் பெருத்து மடிகின்றன என்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்: விதை கீழே, வளர்ப்பு வழியில். என் மனைவி இதை "பஞ்சாயத்துத் தீர்ப்பு" என்கிறாள்.

கொந்தளிப்பின் குணமே வழியில் மாறுகிறது. பெரிய சுழலிலிருந்து சின்னதற்கு இறங்க இறங்க ஆற்றல் எந்த வேகத்தில் குறைகிறது என்பதற்கு ஒரு அடுக்கெண் உண்டு. சூரியன் பக்கத்தில் அளந்தால் அது மூன்றில் இரண்டாக, அதாவது ஒன்றரையாக வருகிறது, பூமிப் பக்கத்தில் ஐந்தில் மூன்று. வழியில் ஏதோ முற்றுகிறது.

31 மார்ச் 2025

பின்னத்தைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். இரண்டில் மூன்று, மூன்றில் ஐந்து. நான்கு பேர் திட்டிய பிறகுதான் பார்த்தேன்.

6 ஏப்ரல் 2025

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று லேப்டாப் கத்தியது. அழிக்கப் போனால், பொங்கலுக்கு ஓட விட்டுப் போன அந்தத் தட்டைப் பெட்டியின் படங்கள், திறக்கவே இல்லை.

முதல் படத்தில் பரோட்டா. எண்ணி முடியாத சின்னச் சின்னக் காந்தத் தீவுகள், மூடிய வளையங்களாக, நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். அடுத்தடுத்த படங்களைச் சொடுக்கிக்கொண்டே போனேன். ஆற்றல் வளைவு எதிர்பார்த்தபடி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் தீவுகள் கலையவில்லை. ஒரே கைப்பக்கம் சுற்றும் இரண்டு தீவுகள் நெருங்குகின்றன, நடுவில் தலைமுடி மாதிரி ஒரு மின்னோட்டத் தகடு பளிச்சென்று தோன்றுகிறது, கோடுகள் அங்கே அறுந்து மறுபடி இணைகின்றன, இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய தீவு. (அசல் பிளாஸ்மாவில் அந்தத் தகடே மறுபடி சின்னத் தீவுகளாக உடையும். அதற்கு லுண்ட்க்விஸ்ட் எண், அதாவது மின்தடை குறையக் குறைய ஏறுகிற ஒரு எண், பத்தாயிரம் தாண்ட வேண்டும், என் லேப்டாப்பின் தகுதிக்கு மீறியது.)

தட்டையில் முறுக்கு கிடையாது, அதற்குப் பதில், காந்தக் கோடுகளை மலை வரைபடத்தின் உயரக் கோடுகளாக எண்ணினால் வரும் உயரக் கணக்கு ஒன்று சுலபமாக அழியாமல் நிற்கிறது. அதுதான் தீவுகளைப் பெரிய அளவுக்குத் தள்ளுகிறது. ஜனவரி 2-இல் இதே பெட்டியில்தான் மை ஜெயித்தது என்று எழுதினேன்.

16 தீவு. 9. 5. கடைசிப் படம் ஜனவரி 17 காலை 4.10, அதற்குப் பிறகு கரண்ட் போயிருக்கிறது. பெட்டி முழுக்க இரண்டே தீவுகள். ஒன்று வலஞ்சுழி, ஒன்று இடஞ்சுழி. படத்தை இங்கே ஏற்ற முடியவில்லை, தங்கச்சிக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.